சாவி யார் கையில்? போருக்குப் பிந்தைய போஸ்னியா

நேயர்களுக்கு வணக்கம்.

போரில் சிதைந்த நாட்டைத் தூக்கி நிறுத்துவது என்றதும் படை, பாலம், பணம் என்றுதான் பேச்சு போகும். போஸ்னியாவுக்கு மூன்றும் வந்தன. 1995 டிசம்பர் 14-ஆம் தேதி பாரிஸில், போரை முடித்து வைத்த டேட்டன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானதும் நேட்டோ தலைமையில் சுமார் 60,000 வீரர்கள் இறங்கினார்கள். துப்பாக்கிச் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் நாடு இரண்டு கூறாக நின்றது. 51 சதவீத நிலம் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), குரோவாட் மக்களின் கூட்டமைப்புக்கு, 49 சதவீதம் போஸ்னியாவுக்குள்ளேயே இருக்கும் செர்ப் குடியரசுக்கு. நடுவே வரைபடத்தில் ஒரு கோடு. வேலியோ மதிலோ கிடையாது. அப்படியும் சாதாரண ஜனங்கள் அதைத் தாண்டவில்லை.

தாண்ட விடாமல் செய்தது காரின் நம்பர் பிளேட். போஸ்னியாக் தரப்பின் பிளேட்டில் லில்லிப் பூ, இன்னொன்றில் குரோவாட் சதுரக்கட்டம், மூன்றாவதில் செர்ப்கள் எழுதும் சிரிலிக் எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தாலே வண்டியில் வருவது எந்த இனத்தவர் என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்துப் போலீஸ் நிறுத்தும், அபராதம் கேட்கும், சில ஊர்களில் கல்லும் விழும். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1996-இலேயே கோட்டைத் தாண்டும் பஸ்களை ஓடவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாடே பஸ்ஸில் போய்வர முடியுமா?

1998-இல், டேட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதைக் கண்காணிக்கும் சர்வதேச உயர் பிரதிநிதியாக இருந்த கார்லோஸ் வெஸ்டன்டார்ப் எல்லோருக்கும் பொதுவான பிளேட்டைக் கொண்டுவந்தார். அதில் ஊர்க் குறியீடு இல்லை. முன்னே மூன்று எண், பின்னே மூன்று எண், நடுவில் ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தும் லத்தீன், சிரிலிக் இரண்டிலும் ஒரே உருவம் கொண்டதாக இருக்க வேண்டும். அப்படித் தேறியவை ஏ, இ, ஜே, கே, எம், ஓ, டி என்று ஏழே ஏழு. சில மாதங்களில் கோட்டைத் தாண்டும் போக்குவரத்து கண்கூடாகப் பெருகியது. பல கோடி செலவான திட்டங்கள் சாதிக்காததை அந்தத் தகடு சாதித்தது என்பேன்.

அதே 1998-இல் புதிய நாணயமும் வந்தது. ஜெர்மன் மார்க்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பு. கையிருப்பில் அந்நியச் செலாவணி இல்லாமல் மத்திய வங்கி ஒரு நோட்டுகூட அச்சிட முடியாது. முதல் ஆறு ஆண்டுகளுக்கு வங்கியின் ஆளுநர் போஸ்னியராகவோ அண்டை நாட்டவராகவோ இருக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். அவமானமான நிபந்தனைதான், ஆனால் பணம் நிலைத்தது.

உண்மையான சிக்கல் வீடு. போரில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர், ஏறக்குறைய பாதி நாடு. காலியான வீடுகளில் வேறு ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குடியேறியிருந்தார்கள். அவர்களுடைய வீட்டில் இன்னொரு குடும்பம், அந்தக் குடும்பத்தின் வீட்டில் மற்றொன்று. 'நான் காலி செய்கிறேன், முதலில் என் வீட்டைக் காலி செய்யச் சொல்லுங்கள்' என்று ஒவ்வொருவரும் சொன்னால் சங்கிலி எங்கே அறும்? போதாததற்குச் சட்டமே எதிராக இருந்தது. நகரங்களில் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகள் சோஷலிச காலத்துப் பொதுச்சொத்து, குடியிருப்பவருக்கு வாழும் உரிமை மட்டும்தான். கூட்டமைப்புப் பகுதியில், போர்நிலை முடிந்த 1995 டிசம்பர் 22-இலிருந்து உள்நாட்டில் இருப்பவர் 7 நாளிலும், வெளிநாட்டில் இருப்பவர் 15 நாளிலும் திரும்பாவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று விதி. ஜெர்மனியில் அகதியாக இருப்பவர் 15 நாளில் எப்படி வந்து சேர்வார்? வராமல் இருக்கட்டும் என்றுதான் அந்த விதி.

1997 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய, அமைதி ஒப்பந்தத்தை மேற்பார்வையிட்ட நாடுகள் உயர் பிரதிநிதிக்குச் சட்டம் பிறப்பிக்கவும் அதிகாரிகளை நீக்கவும் அதிகாரம் தந்தன. அதைக் கொண்டு அந்த விதிகள் ரத்தாயின. 1999 நவம்பரில் 22 அதிகாரிகள் ஒரே நேரத்தில் பதவி இழந்தார்கள். அதன் பிறகுதான் வீடுகளைத் திருப்பித் தரும் வேலை வேகமெடுத்தது.

நடைமுறை இதுதான். உரிமையாளர் நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்தில் மனு கொடுத்து எண் வாங்க வேண்டும். மனுவை விசாரிக்கும்போது ஒரே கேள்வி: போருக்கு முன் இங்கே குடியிருந்தது யார்? குடியிருப்பவருக்கு வேறு வீடு இருக்கிறதா என்பது தனி விஷயம். போக்கிடம் இல்லாதவருக்கு 90 நாள் அவகாசமும் மாற்று இடமும், வேறு வீடு உள்ளவருக்கு, பின்னால் வந்த திருத்தப்படி, 15 நாள். இரண்டு வீட்டைப் பிடித்து வைத்திருந்த போலீஸ்காரர்களையும் அதிகாரிகளையும் முதலில் வெளியேற்றினார்கள். மனுக்களைத் தேதி வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கவே 2001, 2002 ஆகிவிட்டது. அதுவரை 'உங்கள் ஃபைலை மேலே வைக்கட்டுமா' என்ற பேரத்துக்கு இடமிருந்தது. ஒவ்வொரு நகராட்சியும் எத்தனை மனுவை முடித்தது என்ற கணக்கு மாதாமாதம் வெளியானது. அந்தப் பட்டியலுக்கு மேயர்கள் பயந்தார்கள்.

காலி செய்யும் நாளிலும் தொல்லை காத்திருந்தது. சாவி கைக்கு வந்து கதவைத் திறந்தால் சுவிட்ச் பெட்டி இல்லை, குழாய் இல்லை, கழிப்பறைப் பீங்கான் இல்லை, சில வீடுகளில் ஜன்னல் சட்டமும் தரைப்பலகையும்கூட இல்லை. போகிறவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். உள்ளே என்னென்ன இருந்தது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் வழக்குப் போடலாம். அந்தப் பதிவு பல இடங்களில் எழுதப்படவே இல்லை. அடுத்து மின் இணைப்பு. திரும்பி வந்தவரிடம் மறு இணைப்புக் கட்டணம் என்று பெரிய தொகை கேட்டார்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரியும், இவர் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருப்பார்.

சுமார் 2 லட்சம் மனுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் 2004-க்குள் தீர்ந்தன. அந்த அளவில் இது பெரிய சாதனை. அதே ஆண்டு, திரும்பியவர்கள் 10 லட்சம் என்று ஐ.நா. அறிவித்தது. ஆனால் சாவி வாங்கிய எல்லோரும் குடியேறவில்லை. பலர் வீட்டை விற்றார்கள் அல்லது மாற்றிக்கொண்டார்கள். கூட்டமைப்பின் சில ஊர்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளி, இரண்டு பாடத்திட்டம். கோட்டின் இரு பக்கமும் ஓய்வூதியம் வெவ்வேறு. நன்கொடை நாடுகள் கூரை ஓடும் சிமெண்டும் கதவும் கொடுத்துக் கட்டிய கிராமத்து வீடுகள் பலவற்றில் வயதானவர்கள் மட்டுமே தங்கினார்கள். 1991-இல் 43 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 2013 கணக்கெடுப்பில் 35 லட்சமாக இருந்தது.