ஐந்தரை மணிக்குப் போகிற பெண்

கோவையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 13 வயது, ஸ்கேட்போர்டில், அதாவது சக்கரம் வைத்த பலகையில் சறுக்கி ஓட்டுவதில், கெட்டிக்காரி. ஒரு போட்டியில் ஜெயித்த பிறகு, கூடப் பழகிய பிள்ளைகள் இவளை விட்டுவிட்டுத் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டார்களாம். அது தெரிந்த நாள் முதல் யாரோடும் சேருவதில்லை. விடியற்காலை 5.30 மணிக்கே ஸ்கேட்போர்டு ஓட்டும் இடத்துக்குப் போய், மற்றவர்கள் வருவதற்குள் பயிற்சி செய்துவிட்டு வந்துவிடுகிறாள். நண்பர்களை மறுபடி நம்ப வைப்பது எப்படி என்று கேட்கிறார்.

நாலு நாளாக இந்த ஐந்தரை மணிதான் என் மண்டையைக் குடைகிறது. கோபம் மட்டும் என்றால், அவர்கள் இருக்கும்போதே ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பயிற்சி செய்யலாமே? ஆளே இல்லாத நேரம் எதற்கு? விழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு சைக்கிள் கதை உண்டு. வாடகை சைக்கிள், குரங்கு பெடல், ‘பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்’ என்று பின்னால் ஓடிவந்த நண்பன். திரும்பிப் பார்த்தால் அவன் தெருமுனையில் நிற்கிறான், நான் சாக்கடையில். கையை விட்டதற்காக நான் கோபப்படவில்லை, யாராவது விட்டால்தானே பழக முடியும்? அவன் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் உச்சி வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில்தான் ஓட்டினேன். எனக்கு அது மதியம், இந்தப் பெண்ணுக்கு விடியற்காலை.

ஸ்கேட்போர்டில் ‘டிராப் இன்’ என்று ஒன்று உண்டு, மேல் விளிம்பிலிருந்து சரிவான பள்ளத்துக்குள் பலகையோடு இறங்குவது. பலகையின் வாலைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்துப் பின்காலால் மிதித்து நிற்க வேண்டும். முன்சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும். முன்காலை ஊன்றி, மொத்த உடம்பையும் பள்ளத்துக்குள் சாய்க்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னால் ஓடிவிடும், ஆள் மல்லாக்க விழ வேண்டியதுதான். அதனால் முதல் தடவை எதிரே ஒருவர் நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். இந்தப் பெண்ணுக்கும் அப்படி யாரோ கை கொடுத்திருப்பார்கள். ஒருவேளை அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற பிள்ளையாகவே இருக்கலாம்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பற்றி முன்பே பேசியிருக்கிறேன், பரவாயில்லை, இன்னொரு தடவை. 2021 ஆகஸ்ட் 4, பெண்கள் ‘பார்க்’ ஸ்கேட்போர்டு இறுதிப் போட்டி, பள்ளமும் சரிவுமான களத்தில் நடப்பது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு, ஒவ்வொன்றும் 45 விநாடி, சிறந்தது ஒன்று கணக்கு. ஜப்பானின் மிசுகு ஒகமோட்டோ, வயது 15, உலக சாம்பியன். கடைசி வாய்ப்பில் விழுந்துவிட்டாள். நான்காம் இடம், பதக்கம் இல்லை. கொரோனா காலம், பார்வையாளர்களும் கிடையாது. அழுதுகொண்டு மேலே ஏறி வந்தவளைக் கூடப் போட்டியிட்டவர்களே சூழ்ந்துகொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பாப்பி ஓல்சன், அமெரிக்காவின் பிரைஸ் வெட்ஸ்டைன் இருவரும் அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஓல்சன் ஐந்தாவது, வெட்ஸ்டைன் ஆறாவது. தங்களை முந்தியவளைத்தான் தூக்கியிருக்கிறார்கள்!

அதே போட்டியில் 13 வயது ஸ்கை பிரவுன் முதல் இரண்டு வாய்ப்பிலும் விழுந்தாள். மூன்றாவதற்கு முன்னால் அவளுக்குத் தைரியம் சொன்னது யார்? தங்கம் வாங்கிய சகுரா யோசோசுமி. அப்புறம்தான் ஸ்கைக்கு வெண்கலம்.

விழும்போது பார்த்தது யார், பார்த்துவிட்டு என்ன செய்தார்கள்? எல்லாம் அதில்தான் இருக்கிறது. நண்பர்கள் மேல் நம்பிக்கை வந்த பிறகு அவர்கள் எதிரே விழுந்து காட்டலாம் என்று காத்திருந்தால், ஐந்தரை மணிக்குப் போகிறவள் நாலரைக்கே போவாள்.

அதனால் அம்மா, ‘எப்படி நம்ப வைப்பது’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ‘இன்னிக்கு என்ன புதுசா செஞ்சே’ என்றுதானே கேட்கிறீர்கள்? ‘எங்கே விழுந்தே’ என்று எப்போதாவது கேட்டதுண்டா? முழங்கைச் சிராய்ப்பை முழுக்கைச் சட்டையில் மறைக்கிறாளா, பாருங்கள். அந்தப் பழைய குழுவோடு இப்போதே சமாதானம் பேசப் போகாதீர்கள். பெரியவர்கள் நடுவில் புகுந்தால் இன்னும் கெடும்.

அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வயதில் பலகை ஏற ஆசைப்படும் பிள்ளை இருந்தால், டிராப் இன் சொல்லிக்கொடுக்க இவளைக் கேளுங்கள். இவள் செய்து காட்ட வேண்டும், அப்போது அந்தப் பிள்ளையின் கண்ணெதிரே இவளே ஒரு தடவையாவது விழுவாள். அப்புறம் அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும், அந்த வாண்டு 5.30 மணிக்கெல்லாம் எழுந்திருக்காது. 7 மணிக்குத்தான் வரும்.