முதலாண்டுப் பையனை உட்கார வைக்கச் சொல்கிறவர்களுக்கு

வணக்கம். இன்று என் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நம் அணி தோற்பது எனக்குப் பழகிவிட்டது. நம் ரசிகர்களின் வாய்தான் இன்னும் பழகவில்லை. ஆட்டம் முடிந்த சூடு ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி மேல் செய்தி: "அந்த முதலாண்டுப் பையனைக் களத்தில் இறக்காமல் உட்கார வையுங்கள்!" "இவனை யார் சேர்த்தார்கள்?" அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வேண்டிய மட்டும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும், அதாவது யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பையும், விட்டான், உண்மைதான். எப்படி விட்டான் என்று பார்த்தீர்களா? முதல் பாதியில் பந்தை மூன்று தடவை தரையில் தட்டி, மூச்சை விட்டு, அப்புறம் எறிந்தான். இரண்டும் உள்ளே. கடைசியில் ஒரே தட்டு, முழங்கை வெளிப்பக்கம் விலகியது, பந்து வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. முன் விளிம்பில் பட்டால் பெரும்பாலும் கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையில் கோளாறு இல்லை.

போன ஆண்டு இதே நேரம் அவன் உயர்நிலைப் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்தான். அங்கே மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.02 மீட்டர். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2019இலிருந்து அனைத்துலகத் தூரம், 6.75 மீட்டர். முக்கால் மீட்டர் பின்னால் தள்ளி நிற்க வைத்துவிட்டு, ஏன் போடவில்லை என்று கேட்கிறோம்! எதிரில் தடுக்க நிற்பவன் 22, 23 வயது ஆள், தோளிலேயே ஒரு இடி இடிக்கிறான். நம் சிங்கப்பூர்ப் பையன்கள் இவன் வயதில் தேசிய சேவையில் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே தளபதி ஆகவில்லையே என்று யாராவது திட்டுகிறோமா?

இருங்கள், ஜெர்சி கதையைச் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். வந்துகொண்டிருக்கிறது என்று போன காணொளியில் சொன்னேன் அல்லவா, வந்துவிட்டது. அவனுடைய எண் போட்டதுதான். சட்டை 100 அமெரிக்க டாலர், சரி. அனுப்பும் கட்டணம் 42! விமானத்தில் தனி இருக்கை போட்டு உட்கார்ந்தா வந்தது? அதற்கு மேல் நம் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்து. எல்லாம் கூட்டினால் 200 வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அளவு எம் என்றுதான் கேட்டேன், இதோ பாருங்கள், தொடை வரை வருகிறது. "இன்னொருவரையும் உள்ளே கூப்பிடுங்கள், இடம் இருக்கிறது" என்கிறாள் மனைவி. திருப்பி அனுப்பலாம் என்றால் அதற்கும் கட்டணமாம். இவ்வளவு காசு அழுதவனே வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், காசு கொடுக்காமல் பார்க்கிறவர்களுக்கு என்ன இத்தனை கோபம்?

பர்டூ பல்கலைக்கழக அணியில் ஆடிய ஸாக் ஈடியை எனக்கு ஏன் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்வேன். டொராண்டோ பையன், 7 அடி 4 அங்குலம். பள்ளி ஆட்டக்காரர்களின் தரவரிசையில் 436ஆம் இடம். முதலாண்டுச் சராசரி 8.7 புள்ளி. 2023 தேசியப் போட்டியில் பர்டூ, தரவரிசையின் அடிமட்டமான 16ஆம் நிலையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சனிடம் 63-58 என்று தோற்றபோது ஊரே சிரித்தது. அடுத்த ஆண்டு அதே ஆள் அணியை இறுதியாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். கனெக்டிகட்டிடம் தோற்றார்கள், ஆனால் ஈடி மட்டும் 37 புள்ளி! விஸ்கான்சினின் ஃபிராங்க் கமின்ஸ்கி முதலாண்டில் சராசரி 1.8 புள்ளி எடுத்தவன். நான்காம் ஆண்டில் 18.8. கல்லூரிக் கூடைப்பந்தில் எனக்கு ருசியே இதுதான். ஒருவன் வளர்வதைக் கூட இருந்து பார்க்கலாம். நவம்பரிலேயே ஜூன் மாதத்தில் தொழில்முறை என்பிஏ அணிகள் யாரை எடுக்கும் என்று பட்டியல் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமா கேட்டார்: "ஏம்ப்பா, இப்போது அவர்கள் காசு வாங்குகிறார்களாமே, இன்னும் என்ன பொறுமை?" நியாயமான கேள்விதான். 2021 ஜூலையிலிருந்து பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025இலிருந்து கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம். ஆனால் காசு வங்கிக் கணக்கில் ஏறும், தொடைத் தசையில் ஏறாது மாமா. ஒரே ஒரு ஆண்டு ஆட வந்த 23 வயது ஆளை வேண்டுமானால் திட்டிக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இன்னொன்று. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும். 2021இலிருந்து அந்தத் தடை தளர்ந்துவிட்டது. இன்றைக்கு நாம் கூச்சல் போட்டு விரட்டுகிற பையன் வசந்தத்தில் பெட்டியைக் கட்டுவான், வேறு அணியில் போய் நம் மேலேயே 25 புள்ளி போடுவான். அந்த அணியின் ஜெர்சியையும் நான் வாங்க முடியாது, சொல்லிவிட்டேன்.

அடுத்த ஆட்டம் ஞாயிறு காலை 10 மணி, அங்கே, அமெரிக்கக் கிழக்குக் கரையில், சனி இரவு 9. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் நமக்கு 9 ஆகிவிடும், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பையன் பெஞ்சிலிருந்து வரட்டும், 20 நிமிடம் போதும், கால் தெம்பாக இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் களத்தில் நிற்கட்டும். பயிற்சியாளர் என் காணொளியைப் பார்ப்பதில்லை, அது அவருடைய குறை. மாமா முட்டைப் பரோட்டா வாங்கி வருகிறார். கறியைத் தனியாகக் கட்டச் சொல்ல மறந்துவிட்டேன், இருங்கள், அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.