மஞ்சள் கோட்டில் நான் பிரேக் அடித்த அன்றைக்கு

வணக்கம் உறவுகளே. காற்று கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறது, சத்தம் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்கிறது மட்டக்களப்பு வாவிக்கு மேலே, கல்லடிப் பழைய பாலத்தில். பின்னால் வாகனங்கள் போகிறது தெரிகிறதே, அது 2013இல் திறந்த புதுப் பாலம்.

இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை. இந்த வாவியில் மீன் பாடுகிற கதையும் இல்லை, அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். வேறு ஒன்று சொல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்: இரண்டு மாதத்துக்கு முன்னம் நான் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை மோட்டார் சைக்கிளால் அடித்திருப்பேன். ஒரு முழ இடைவெளியில் தப்பியது.

மத்தியானம் ஒன்றரை தாண்டிய நேரம், பள்ளிக்கூடம் விட்டிருந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்போவதில்லை, எங்கள் ஊரில் பிரதான வீதியைப் பார்த்து வாசல் வைத்த பள்ளிக்கூடங்கள் எத்தனையோ. எனக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. ஆள் ஏற்றுகிறான் என்று நினைத்து வலப்பக்கமாக முந்தினேன். அவன் ஆள் ஏற்ற நிற்கவில்லை, மஞ்சள் கோட்டில் பிள்ளைகள் கடக்கிறதுக்காக நின்றிருக்கிறான். பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து வெள்ளைச் சீருடை ஒன்று வெளியே வந்தது. பிரேக் அடித்ததில் பின் சில்லு இழுபட்டுக் குறுக்கே நின்றேன். அந்தப் பிள்ளை என்னை ஒருக்கால் பார்த்தாள். பிறகு பையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரிப் போய்விட்டாள். எனக்குத்தான் கை நடுங்கி முன்னால் இருந்த கடையில் உட்கார்ந்தேன். பிளேன்டீ தந்த அக்கா, "இது புதினமில்லை தம்பி, இந்த இடத்தில் நாளும் நடக்கிறதுதான்" என்றா.

மஞ்சள் கோடு என்றேன். இப்போது வெள்ளையில்தான் அடிக்கிறார்கள், ஆனாலும் எங்கள் வாயில் அது மஞ்சள் கோடுதான், பாதசாரிக் கடவை என்று ஒருவரும் சொல்வதில்லை.

முந்தினது என்னுடைய பிழை. அதில் கதையே இல்லை. ஆனால் என்னைக் குடைந்த விசயம் வேறு. அன்றைக்கு நான் ஓடின வேகம் சட்டப்படி சரி. ஊருக்குள்ளே மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் வரை போகலாம், என் முள்ளும் அதில்தான் நின்றது. சட்டத்துக்குள் ஓடின ஆளே ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தான் என்றால் எங்கேயோ கணக்குப் பிழைக்கிறதே.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 50இல் போகிற வண்டி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். ஆளைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் வேண்டும். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்னமே ஒரு பெரிய பஸ்ஸின் நீளத்தைத் தாண்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு காய்ந்த வீதியில் நிற்க இன்னொரு 14 மீற்றர். மழை என்றால் அதற்கும் மேலே. இதே ஆள் 30இல் வந்தால்? அந்த ஒரு செக்கனுக்கு 8 மீற்றர், நிற்க 5 மீற்றர், மொத்தம் 13. கேட்டீர்களா? 30இல் வந்தவன் முழுசாக நின்று காலை ஊன்றியிருக்கிற இடத்தில், 50இல் வந்தவன் இன்னும் பிரேக்கில் கையே வைக்கவில்லை.

கொஞ்சம் பொறுங்கள், ஐஸ்கிறீம் வான் போகட்டும். அந்தப் பாட்டு முடியாது.

சரி. அப்படியென்றால் 30 என்று பலகை நட்டுவிட்டால் முடிந்ததா? எங்கள் அப்பா வெள்ளாமை செய்தவர். வயலுக்குத் தண்ணி எப்படிப் போகும் என்று அவரைக் கேட்டால், வாய்க்காலை வெட்டின மாதிரிப் போகும் என்பார். அகலமாக, நேராக வெட்டினால் இரைந்துகொண்டு ஓடும். வளைத்து ஒடுக்கினால் நடந்து போகும். வரம்பில் நின்று "மெல்லப் போ" என்று பலகை பிடித்தால் தண்ணி கேட்குமா? வீதியும் அப்படித்தான். நேரான, அகலமான, வழுவழுப்பாகத் தார் விரித்த காபட் வீதியைப் போட்டுவிட்டு, ஓரத்தில் தட்டம் அளவில் ஒரு பலகையை நட்டால், கண் பலகையைப் பார்க்கும், கை காபட்டைத்தான் கேட்கும்.

எங்கள் ஊரில் முப்பது தாண்டின ஆட்களுக்கு நினைவிருக்கும். குண்டும் குழியும் சோதனைச் சாவடியுமாக இருந்த காலத்தில் இந்த வீதிகளில் வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. யுத்தம் முடிந்த பிறகு காபட் வந்தது. ஒருவருக்கும் அதில் கவலை இல்லை, எனக்கும் இல்லை, அந்தக் குழிகளில் முதுகெலும்பு உடைந்த காலம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் வீதி மாறியதும் வேகம் மாறியது, வேகத்துக்கு ஏற்ப கடவையும் சந்தியும் மாறவில்லை. வீட்டைப் பெரிதாகக் கட்டிவிட்டுப் படிக்கட்டை மறந்த மாதிரி.

இந்தப் பழைய பாலத்தையே எடுங்கள். 1924இல் கட்டினது, லேடி மனிங் பாலம். அன்றைய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பேர். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் வர முடிந்தது, அவ்வளவு ஒடுக்கம். அந்தப் பக்கம் பஸ் ஏறிவிட்டால் இந்தப் பக்கம் நாங்கள் நிற்க வேண்டியிருந்தது. திட்டித் திட்டித்தான் நின்றோம். ஆனால் இதில் ஒருவரும் பறக்கவில்லை, பறக்க இடம் இல்லை. எங்களுடைய நல்ல குணத்தால் மெதுவாகப் போகவில்லை, பாலம் அப்படிப் போக வைத்தது. புதுப் பாலம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்பியூலன்ஸ் வரிசையில் நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான்.

மனுசன் பிழை விடுவான், அந்தப் பிழைக்கு உயிரை விலையாகக் கேட்காத மாதிரி வீதியைக் கட்ட வேண்டும் என்று சுவீடன் பாராளுமன்றம் 1997இல் முடிவெடுத்தது. விபத்தில் சாவு பூச்சியம் என்பதுதான் அந்தக் கொள்கையின் பேரே. அதைக் கேட்டதும் எனக்கு அந்த வெள்ளைச் சீருடைதான் ஞாபகம் வந்தது. சுவீடனுக்குப் பக்கத்து நாடான பின்லாந்தில் ஹெல்சிங்கி என்ற தலைநகரம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஏழு லட்சம் சனம். 2024 ஜூலையிலிருந்து ஒரு முழு வருசம் அங்கே வீதி விபத்தில் ஒருவரும் சாகவில்லை. அங்கே பாதிக்கு மேற்பட்ட வீதிகளில் வேகம் 30தான். எங்கள் நாட்டில் ஒரு வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல் போகிறார்கள்.

பனி நாட்டுக் கதை எங்களுக்குச் சரிவராது என்பீர்கள். அப்போ சென்னைக்கு வாருங்கள். தியாகராய நகரில் பாண்டி பஜார் இருக்கிற தியாகராய வீதி. கலியாணச் சேலை எடுக்க இங்கிருந்து போகிற எல்லாருக்கும் தெரிந்த இடம். அந்த வீதியில் வாகனம் ஓடுகிற பகுதியை ஒடுக்கி, இரண்டு பக்கமும் நடக்கிற பகுதியை நல்லாக அகலமாக்கி, மரநிழலில் இருக்கைகளும் போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். எனக்குப் பிடித்தது, அதற்கு முன்னம் அவர்கள் வாகனத்தை மறித்து ஒத்திகை பார்த்தது. சீமெந்து ஊற்றுகிறதுக்கு முன்னம் சனம் நடந்து பார்த்தது. நான் போன நேரம் அந்த நடைபாதையிலேயே ஒருத்தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும்.

இஞ்சால காத்தான்குடிக்கு வாருங்கள். நடுவீதியில் பேரீச்ச மரம். வெளியூர் ஆட்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், அரபு நாடு மாதிரி இருக்குது என்கிறார்கள். எனக்கு அந்த மரத்தை விட அது நிற்கிற மேடைதான் பெரிசு. அகல வீதியை ஒரே மூச்சில் கடக்கிறது எவ்வளவு கஸ்டம் என்று எங்கள் அம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தடம் மூன்றரை மீற்றர் என்று வைத்தால் நாலு தடத்துக்கு 14 மீற்றர். அம்மம்மா ஒரு செக்கனுக்கு ஒரு மீற்றர் நடப்பா என்றால் 14 செக்கன் அவ நடுவீதியில். 50இல் வருகிற வண்டி அந்த நேரத்துக்குள் 200 மீற்றர் தொலைவிலிருந்து வந்துவிடும், அவ கால் எடுத்து வைக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. நடுவில் ஏறி நிற்க ஒரு மேடை இருந்தால் கதை வேறு. பாதியைக் கடந்து, நின்று மூச்சு வாங்கி, மற்றப் பக்கத்தை மட்டும் பார்த்து மிச்சத்தைக் கடக்கலாம்.

இப்போது என் பிள்ளையின் இடத்துக்கு வருவோம். என் பிள்ளை என்று சொல்லிவிட்டேன், சரி இருக்கட்டும். ஒரு அளவு நாடாவும் சோக் கட்டியும் எடுத்துக்கொண்டு அதே வாசலுக்குப் போனேன். மேசன் வேலை செய்கிற மச்சானும் வந்தான். நாங்கள் கண்டது இவ்வளவுதான். பஸ் தரிப்பு கடவைக்கு முன்னாலேயே இருக்கிறது, அதனால்தான் ஆள் ஏற்றுகிறான் என்று நான் நினைத்தேன், ஆள் ஏற்ற நிற்கிற பஸ்ஸும் பிள்ளையை மறைக்கும். தரிப்பைக் கடவை தாண்டிக் கொண்டுபோய் வைத்தால் பிள்ளைகள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், மறைவு பாதி குறையும். அடுத்தது, கடவையில் கரையை இரண்டு பக்கமும் வீதிக்குள்ளே கொஞ்சம் நீட்டினால் கடக்கிற தூரமும் குறையும், அந்த இடத்தில் யாரும் முந்தவும் ஏலாது. மூன்றாவது, கடவையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது. சும்மா வேகத்தடை பம்ப் போட்டால் மோட்டார் சைக்கிள்காரன் ஓரத்தால் சுற்றிப் போவான், எனக்குத் தெரியும், நானே போயிருக்கிறேன். கரையிலிருந்து கரைக்குத் தூக்கிவிட்டால் சுற்ற வழியில்லை.

ஆனால் மச்சான் ஒன்று கேட்டான், அதுதான் எங்கள் ஊர்க் கேள்வி: "தூக்கிக் கட்டினால் மாரித் தண்ணி எங்கால போகும்?" நவம்பர் தொடங்கித் தை வரை இங்கே எப்படி ஊற்றும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் நடைபாதை என்பதே கானுக்கு, அதாவது தண்ணி வடிகிற வாய்க்காலுக்கு, மேலே போட்ட சிலாப்புதானே. ஒன்று உடைந்திருக்கும், ஒன்று ஆடும், ஒன்றைக் கழற்றி யாரோ வீட்டு வாசலுக்குப் போட்டிருப்பார்கள். வெள்ளம் வந்தால் எது வீதி, எது கான் என்று தெரியாது. சனம் வீதிக்குள் இறங்கி நடப்பது திமிரால் இல்லை, சிலாப்புக்குப் பயந்து. ஆகவே எங்கள் ஊரில் வீதி திருத்தம் கானிலிருந்து தொடங்க வேண்டும். சென்னையையும் ஹெல்சிங்கியையும் அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட ஏலாது.

சைக்கிளை மறந்துவிடப் பார்த்தேன். மட்டக்களப்பு தட்டை நிலம், ஏற்றமில்லை, இறக்கமில்லை. மீன் வாங்கப் போகிற ஐயா முதல் ரியூசனுக்குப் போகிற பிள்ளை வரை சைக்கிள். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற துண்டு நிலம்தான் அவர்களுக்கு. அதில் ஒரு வான் நின்றால் அந்த ஐயா லொறிக்கு முன்னால் வளைய வேண்டும். ஒரு பெயின்ட் கோட்டுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கல்லையாவது நட்டால் வான் ஏறாது.

கடைக்காரர்களிடமும் கதைத்தேன். வாகனம் நிறுத்த இடம் போனால் யாவாரம் போய்விடும் என்றார்கள். அந்தப் பயம் பொய் இல்லை, வாடகை கட்டுகிறவனுக்குத்தான் அது விளங்கும். ஆனால் ஒரு கடை வாசலில் காலையிலிருந்து நின்ற மோட்டார் சைக்கிள் யாருடையது என்று கேட்டேன். முதலாளியுடையது.

இனி இதை யாரிடம் கேட்பது? ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் கொண்டுபோனேன். வீதி எங்களுடையது இல்லைத் தம்பி, கான் மட்டும்தான் என்றார்கள். பேரைச் சொல்லி என்ன பிரயோசனம். ஒன்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 மாதிரி ஏ, பி எழுத்துப் போட்ட பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். உள் வீதியும் ஒழுங்கையும் மாநகர சபை, பிரதேச சபைப் பக்கம். போக்குவரத்துப் பொலிஸ் வேறு. ஒரே கடவையில் மூன்று வீட்டு வேலி முட்டுகிறது. அதனால் கடிதத்தை இப்போது மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டு பேருக்கும் பிரதி என்று போட்டு அனுப்பியிருக்கிறேன். கூடவே மச்சான் சோக்கால் கீறின படம். கேட்டது சீமெந்து இல்லை, ஒரு மாதத்துக்கு நாலு கோனும் கொஞ்சம் பெயின்டும் வைத்து ஒத்திகை பார்க்கத்தான்.

பதில் வந்தால் அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன். வராவிட்டாலும் வாசிக்கிறேன், வெறும் கடித உறையை.

மணி ஒன்று இருபது. பள்ளிக்கூடம் விடப்போகிறது, நான் அங்கே போகவேண்டும். இப்போதெல்லாம் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகிறேன், அந்தக் கடை அக்கா சிரிக்கிறா.