வெங்காயப் பூவும் உச்சி வெயிலும்

வணக்கம் நேயர்களே. கூடையில் மறந்துபோன பம்பாய் வெங்காயம் பச்சைக் குருத்து விட்டுக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கும் என் தங்கை அப்படி ஒன்றைப் பூச்சாடியில் நட்டாள். தாள் வந்தது, பூ வரவில்லை. "மண் சரியில்லையோ அண்ணா?" என்று கேட்டாள். மண்ணில் குறையில்லை. வெங்காயம் பூக்க 10 பாகையை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் கிடக்க வேண்டும். கொழும்பில் அதற்கு எங்கே போவது? விதைக்கு வளர்ப்பவர்கள் தாய்க் குமிழ்களைக் குளிர் அறையில் வைத்தெடுத்து நடுவது இதற்காகத்தான்.

சரி, பூத்துவிட்டது. விதை வந்துவிடுமா? இதைத்தான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்: பூவுக்குக் குளிர், விதைக்குத் தேனீ.

தம்புள்ளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் விடிந்ததிலிருந்து ஒரே ஒரு பூங்கொத்தின் முன்னால் குந்தியிருந்தேன். வறைக்கு வெங்காயப்பூ வாங்குகிறோமே, அந்த மொட்டு விரிந்தால் மென்பந்து அளவு வெள்ளை உருண்டை. அதற்குள் சில நூறு சின்னப் பூக்கள். ஒவ்வொன்றிலும் மகரந்தம் முதலில் கொட்டிவிடும். மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூலகமுடி அதற்குப் பிறகுதான் தயாராகும். அதனால் இன்னொரு பூவின் மகரந்தத்தை யாராவது கொண்டுவர வேண்டும். ஒன்பது மணிக்குத் தேனீக்கள் மொய்த்தன. உச்சி வெயிலில் ஒன்றுகூட இல்லை. சூடு ஏற ஏறப் பூந்தேன் குறைந்து தடித்துப்போகிறது. வெங்காயத் தேனில் பொட்டாசியம் அதிகம், தேனீக்கு முதலே அவ்வளவு பிடிக்காது. பக்கத்தில் வேறு பூ இருந்தால் அங்கே போய்விடும். போதாததற்கு, 35 பாகையைத் தாண்டும் வெயிலில் மகரந்தம் வீரியம் இழக்கும், சூலகமுடி காயும்.

அறுவடைக்கு மறுபடி போனேன். வெயில் தணிந்த வாரத்தில் பூத்த கொத்து ஒன்று, கொதித்த வாரத்தில் பூத்தது ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு பூவில் ஆறு விதை வரை பிடிக்கலாம். முதல் கொத்தில் ஒரு காயை நசுக்கினேன், கறுப்பாக ஐந்து விதை. மற்றதில் வெறும் தோல். அடுத்ததும் தோல். அதற்கடுத்ததும். தோட்டக்காரர் ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தந்த நேரம் முடியப்போகிறது. விதையைச் சேமிப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: வெங்காய விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும், நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத போத்தலில் குளிரில் வையுங்கள். அப்புறம், பூத்திருக்கும் நாட்களில் காலையில் மருந்து அடிக்காதீர்கள். தேனீ வருவது அப்போதுதான். வணக்கம்.