இடித்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

நண்பர்களே, பிரிட்டனில் அரசு கட்டித் தந்த வீடுகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்த வீடுகளுக்கு இடம் வேண்டுமென்று கிளப்பப்பட்டவர்களைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

லிவர்பூலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளிச்சமில்லாத நிலவறைகளில் குடியிருந்தன. அங்கே நகர சுகாதார அதிகாரியாக டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் 1847இல் பொறுப்பேற்றார். பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர். அதே ஆண்டு அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் அந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். டைபஸ் காய்ச்சல் பரவியது. நகராட்சி நிலவறைகளைக் காலி செய்யவைத்தது. சரி, வெளியேறியவர்கள் எங்கே போவார்கள்? ஏற்கெனவே நெரிசலான பக்கத்து அறைகளுக்குள் புகுந்தார்கள். சிலர் மூடிய நிலவறைக்கே திரும்பினார்கள். 1869இல்தான் லிவர்பூல் நகராட்சி செயிண்ட் மார்ட்டின்ஸ் காட்டேஜஸ் என்ற குடியிருப்பைத் தன் செலவில் கட்டியது. இங்கிலாந்தில் நகராட்சி கட்டிய முதல் வீடுகள் அவைதான். ஆனால் தேவைக்கு முன் அது எம்மாத்திரம்!

லண்டன் கதை இன்னும் வலிக்கிறது. கிழக்கு லண்டனில் ஓல்ட் நிக்கல் என்ற சேரி. சாவு விகிதம் சுற்றுவட்டாரத்தைவிட மிக அதிகம். 1890ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தைக் கொண்டு லண்டன் மாவட்டக் கவுன்சில் அதை இடித்தது. கிட்டத்தட்ட 5,700 பேர் கிளப்பப்பட்டார்கள். இடிபாட்டு மண்ணை நடுவில் மேடாகக் குவித்து, சுற்றிலும் அழகான செங்கல் கட்டடங்களை எழுப்பினார்கள். சலவைக்கூடம்கூட உண்டு. பவுண்டரி எஸ்டேட் என்று பெயரிட்டு 1900இல் வேல்ஸ் இளவரசரே திறந்துவைத்தார். நல்ல கட்டடங்கள்தான், இன்றும் நிற்கின்றன. பழைய சேரிவாசிகளில் அங்கே குடியேறியவர்கள் 11 பேர் என்று கணக்கு.

ஏன் அப்படி? போட்ட பணம் வாடகையாகத் திரும்ப வேண்டும் என்பது விதி. அன்றாடக் கூலிக்காரரால் அந்த வாடகையை எப்படிக் கொடுக்க முடியும்? நிரந்தர வேலையுள்ள கைவினைஞர்களும் எழுத்தர்களும் குடிவந்தார்கள். பழைய ஆட்கள் பக்கத்துத் தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டார்கள், அங்கே வாடகையும் நெரிசலும் கூடின. சாக்கடையைச் சீராக்கியதும் காற்றோட்டம் தந்ததும் அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் நோயில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லையே!

மானியமில்லாமல் ஏழைக்கு வீடு கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள முதல் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. 1919ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் கருவூலப் பணத்தைத் திறந்துவிட்டது. அப்போதும் வாடகை ஏழைக்கு எட்டவில்லை. அப்புறம் 1930இல், சுகாதார அமைச்சர் ஆர்தர் கிரீன்வுட் கொண்டுவந்த சட்டம்தான் என் கேள்விக்கு நேராக வந்தது. இடித்த இடத்திலிருந்து எத்தனை பேருக்கு மாற்று வீடு தந்தாய் என்று எண்ணி, அந்தத் தலைக்கணக்குப்படியே நகராட்சிக்கு மானியம் கொடுத்தார்கள். டங்கன் பதவியேற்று அதற்குள் 83 ஆண்டுகள் ஓடியிருந்தன.