ஸ்லைடுப் பெட்டியோடு பெர்லினுக்கு

நேயர்களுக்கு வணக்கம். மூளை ஆராய்ச்சிக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கும் பிள்ளைகள், அதாவது முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள், பட்டம் வாங்கி ஓரிரு வருடம் ஆனவர்கள், அவர்களுக்கென்றே நடத்தும் கருத்தரங்குகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் 1889-இல் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்பெயினில் சாந்தியாகோ ரமோன் இ கஹால் என்று ஒருவர். பார்சிலோனாவில் பேராசிரியர்தான், ஆனால் வெளிநாட்டில் அவரை யாருக்கும் தெரியாது. இத்தாலிக்காரர் கோல்ஜி 1873-இல் ஒரு சாயமுறையைச் சொல்லியிருந்தார்: மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, அப்புறம் வெள்ளி நைட்ரேட்டில் போட்டால், கோடிக்கணக்கான செல்களில் ஏதோ சில மட்டும், ஏன் என்று யாருக்கும் புரியாமல், கிளை கிளையாக முழுசாகக் கறுத்துத் தெரியும். கஹால் அந்த ஊறவைப்பை இரண்டு முறை செய்தார், நரம்புகளுக்கு மேலுறை இன்னும் வளராத கருக்களையும் குட்டிகளையும் எடுத்துக்கொண்டார். படம் பளிச்சென்று வந்தது. மூளை ஒரே தொடர்ச்சியான வலை என்று கோல்ஜி நம்பிக்கொண்டிருக்க, இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி செல் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன செய்ய? 1888-இல் சொந்தக் காசில் ஒரு இதழே தொடங்கி, 60 பிரதி அடித்து, வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழி, எத்தனை பேர் படித்திருப்பார்கள்! சரி, நேரில் போவோம் என்று சேமிப்பையெல்லாம் திரட்டி, ஸ்லைடுப் பெட்டியோடு பெர்லினில் நடந்த உடற்கூறியலாளர் மாநாட்டுக்குப் போனார். நுண்ணோக்கிகளில் ஸ்லைடுகளைப் பொருத்திவிட்டு, தட்டுத் தடுமாறிய பிரெஞ்சில், வாருங்கள், பாருங்கள் என்று ஒவ்வொருவராக அழைத்தார். எழுபதைத் தாண்டிய கோலிக்கர், அந்தத் துறையின் பெரிய தலை, குனிந்து பார்த்தார். கஹாலைப் படிப்பதற்காகவே பிறகு ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டார். 1906-இல் கஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்து நோபல் பரிசு.

இளையவர்களுக்கான கருத்தரங்கில் மேடை உரையைவிட எனக்கு முக்கியம் அந்தக் குனிந்து பார்ப்பதுதான். நான் போன ஒரு கருத்தரங்கில் போஸ்டர் நேரத்தை, அதாவது பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டிவைத்துப் பக்கத்தில் நின்று விளக்குகிற நேரத்தை, சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து வைத்திருந்தார்கள். என் மாணவி ஒருத்தி வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் வேலை செய்கிறாள், முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குஞ்சு, கண்ணாடி போல உடம்பு, ஒளிரும் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் வைத்துவிட்டால் நியூரான், அதாவது அந்த நரம்புச் செல், வேலை செய்யும்போது மினுக்கும், உயிரோடு இருக்கிற மூளையையே பார்க்கலாம். தட்டை ஏந்தியபடி எல்லாரும் அவளைக் கடந்து போனார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: போஸ்டருக்கென்று தனியாக இரண்டு மணி நேரம் கொடுங்கள், முடியாத வேலையையும் காட்ட விடுங்கள், பயணச் செலவைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். பெரியவர்களைப் பேச மட்டும் கூப்பிடாதீர்கள், பார்க்கவும் கூப்பிடுங்கள்.

அன்றைக்கு, போஸ்டரைக் கழற்றுகிற நேரத்தில், வயதான அம்மா ஒருவர் வந்து நின்றார். மாணவி மடிக்கணினியைத் திறந்து வீடியோவைப் போட்டாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஓரத்துச் செல் மட்டும் ஏம்மா தாமதமாக மினுக்குது?" என்று கேட்டார். அந்த ஒரு செல்லைத்தான் இரண்டு வருடமாகத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.