ஆறு எலிகளும் ஒரு வேளை மருந்தும்

நேயர்களுக்கு வணக்கம். மூலிகைச் சாறுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு முடிவு அடிக்கடி கண்ணில் படும்: உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் எலிகள் இறக்கவில்லை, ஆகவே சாறு பாதுகாப்பானது. இதன் முதல் பாதியை மதிக்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க என்னால் முடியவில்லை.

ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பின் 423ஆம் சோதனை நெறிமுறைப்படி, இரவு முழுவதும் பட்டினியாக வைத்திருந்த மூன்று எலிகளுக்கு, பெரும்பாலும் பெண் எலிகளுக்கு, சாற்றை ஒரே ஒரு முறை குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துகிறார்கள். முதல் நான்கு மணி நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு, நடுக்கம், வலிப்பு, வயிற்றுப்போக்கு, சோர்வு ஏதேனும் தென்படுகிறதா என்று 14 நாள்கள் குறித்து வருகிறார்கள். மூன்றும் பிழைத்தால் இன்னும் மூன்றுக்கு அதே அளவு. ஆக, ஆறு எலிகள், ஒரு வேளை மருந்து. உடனே கொல்லும் நஞ்சு அதில் இருக்க வாய்ப்புக் குறைவு என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. மூலிகை மருந்தையோ மக்கள் மாதக்கணக்கில் உண்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா பேரினத்துச் செடி தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. ஆடுதீண்டாப்பாளை என்னும் மூலிகையும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே. அம்மாத்திரைகளை உட்கொண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது; சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு வேளை மருந்தில் வெளிப்படாமல், நாள்பட நாள்பட உள்ளே சேர்ந்த சேதம் அது.

இத்தகைய சேதத்தைத் தேடித்தான் 28 நாள், 90 நாள் சோதனைகள் நடக்கின்றன. மூன்று வெவ்வேறு அளவுகளில் நாள்தோறும் மருந்து பெறும் குழுக்களோடு, மருந்தே பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்றும் இருக்கும். இறுதியில் ரத்தத்தில் கல்லீரல் நொதிகளையும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினினையும் அளந்து, உறுப்புகளை எடைபோட்டு, திசுக்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெடும் வரை கிரியாட்டினின் உயராமலே இருக்கக்கூடும் என்பதால், திசுவைப் பார்க்காத அறிக்கை எனக்கு அரைகுறை அறிக்கைதான்.

கணக்கிலும் ஒரு தவறு நேர்கிறது. எலிக்குக் கொடுத்த 2000 மில்லிகிராமை 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நேரடியாகப் பெருக்கினால் 120 கிராம் வரும். உடற்பரப்பைக் கருதி எலியின் அளவை 6.2ஆல் வகுப்பதே வழக்கம். அப்படிச் செய்தால் ஏறத்தாழ 19 கிராம்தான்.

என் கருத்தைக் கேட்டு வரும் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது எலிகளை அல்ல, செடியை. அதை இனங்கண்ட தாவரவியலாளர் யார், மாதிரி உலர்தாவரத் தொகுப்பில் வைக்கப்பட்டதா, வேரா இலையா, நீரில் காய்ச்சினார்களா எத்தனால் என்னும் சாராயத்தில் ஊறவைத்தார்களா என்று பார்க்கிறேன். எத்தனாலில் இறங்கும் பொருள்கள் பல நீரில் இறங்குவதில்லை. எனவே கஷாயத்தைக் குடிப்பவருக்கு எத்தனால் சாற்றின் சோதனையைச் சான்றாகக் காட்டும் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.